ஆரப்பாளையத்திலிருந்து இத்தாலிக்கு ஆறு நாள்

இத்தாலிக்குப் போகிற வழி மதுரை ஆரப்பாளையத்தில் ஆரம்பிக்கிறது. சோழவந்தான் போர்டு போட்ட பஸ்ஸில் ஏறி, இடம் கிடைத்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து, கிடைக்காவிட்டால் காலி வெற்றிலைக் கூடைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்று, கோச்சடை, துவரிமான், மேலக்கால் என்று வைகைக் கரையோடு போனால் ஒன்றேகால் மணி நேரத்தில் வந்துவிடும். நான் அப்படித்தான் போனேன். ஆறு நாள் போனேன். விமானத்தில் போகக் கிடைத்த சந்தர்ப்பத்தை என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என் மச்சினன் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் வேலை பார்த்த மில்லுக்கு இத்தாலியிலிருந்து நூலைக் கோனில் சுற்றும் இயந்திரங்கள் வந்து இறங்கின. அவற்றைப் பூட்டிக் கொடுக்க வந்த இத்தாலிய ஃபிட்டர் எட்டு மாதம் மதுரையில் இருந்தார். அவருடைய ஆங்கிலம் என் ஆங்கிலத்தைவிட மோசம். அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே அவர் பாஷையின் முதல் படியில் ஏறிவிட்டேன். எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், மில்லில் அரைகுறை ஆங்கிலம். நாலாவதாக ஒன்று நாக்கில் ஏறுவது எனக்குப் பெரிய கஷ்டமாக இல்லை.

ஊருக்குப் போகும்போது அந்த மனிதர் ஒரு பெட்டியை எனக்கென்று கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஆறு வீடியோ கேசட். ஓரளவு தெரிந்தவர்களுக்கான இரண்டாம் நிலைப் பாடம். காப்பிக் கடை, சந்தை, பஸ், விருந்து என்று அந்த ஊர் மனிதர்கள் அன்றாடம் எப்படி வாழ்கிறார்கள் என்று காட்டி, அதன் வழியாகப் பாஷையைச் சொல்லிக் கொடுக்கிற படங்கள். வீடியோ கேசட் என்று கேள்விப்பட்டதும் மேனேஜர் பெட்டியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். எடுத்து, சோழவந்தானில் இருந்த தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் வெற்றிலை வியாபாரிகள், வீடியோ டெக்கும் கலர் டிவியும் உள்ள வீடு.

அதற்குப் பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. மில்லிலிருந்து ஒருவரை மூன்று மாதப் பயிற்சிக்கு இத்தாலிக்கு அனுப்ப வேண்டும். அங்கே பயிற்சி முழுக்க அவர்கள் பாஷையில்தான். ஆகையால் அவர்களுடைய பெரிய எஞ்சினியர் ஒருவர் வந்து, இத்தாலிய மொழியில் பேசிப் பார்த்து ஆளை எடுப்பார். வருவதற்குப் பத்து நாள் இருந்தது.

எனக்கு அந்தப் பயணம் வேண்டும். இதை இப்போதாவது வெட்கப்படாமல் எழுதிவிடுகிறேன். வயது முப்பத்தாறு. அதுவரை நான் போன தூர தேசம் மெட்ராஸ். போய்விட்டு வந்தால் அந்த இயந்திரங்கள் முழுவதும் என் பொறுப்பில் வரும், அது ஒரு பக்கம். எங்கேயாவது ஒரு இடத்தில் நான் வேற்றூர்க்காரனாக நிற்க வேண்டும் என்ற ஆசை சின்ன வயதிலிருந்து இருந்தது, அது இன்னொரு பக்கம். பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. என் மனைவி, கொடைக்கானலுக்குத் தேனிலவு போன தன் தம்பியிடமிருந்து ஸ்வெட்டரை இரவல் வாங்கிப் பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்துவிட்டாள். பழங்காநத்தத்தில் எங்கள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஒரு வாரம் லீவு போட்டேன்.

முதல் நாள். வாசலிலேயே நின்று மேனேஜர் பெயரைச் சொன்னேன். அவர் தங்கை ருக்மணி அக்கா, நாற்பது வயதிருக்கும், முன்கூடத்தில் இரண்டு பெண்களோடு உட்கார்ந்து வெற்றிலையை எண்ணிக் கவுளி கவுளியாக அடுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் பகலெல்லாம் வெற்றிலைக் கொடிக்காலிலும் மண்டியிலும் இருப்பார். கூடத்தின் மூலையில் டிவி, அதன்மேல் பூப்போட்ட துணி, அதன்மேல் ஒரு பிள்ளையார்.

“அண்ணன் சொல்லி விட்டாக. வாங்க தம்பி. சாப்பிடுறீகளா?”

“இல்லக்கா, இப்பத்தான் சாப்பிட்டு வாரேன்.”

பொய். காலையில் குடித்த காப்பியோடு வந்திருந்தேன். ஆனால் கேட்டவுடன் சரி என்று உட்கார்ந்தால் என்ன நினைப்பார்கள்? அக்கா இரண்டாம் முறை கேட்டார், நான் மறுத்தேன். மூன்றாம் முறை கேட்கவில்லை, தட்டையே கொண்டுவந்து வைத்துவிட்டார். நாலு இட்லி சாப்பிட்டேன். பிறகு பிள்ளையாரை இறக்கி வைத்துவிட்டு இத்தாலிக்குள் நுழைந்தோம்.

முதல் கேசட் காப்பிக் கடை. உட்கார நாற்காலி இருந்தும் எல்லோரும் நின்றே குடிக்கிறார்கள். விரலளவு கோப்பை, இரண்டு மடக்கு, முடிந்தது. நம் டீக்கடையில் ஒரு கிளாஸ் டீயை வைத்துக்கொண்டு ஒரு மந்திரிசபையையே கவிழ்ப்போம். அங்கே காலையில்தான் பால் சேர்த்த காப்பியாம், மத்தியானத்துக்கு மேல் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்களாம்.

“இம்புட்டூண்டு காப்பிக்கு ஒரு சாசரு வேறயா?” என்றார் ருக்மணி அக்கா, எண்ணுவதை நிறுத்தாமல்.

இரண்டாம் நாள் சந்தை. பஸ்ஸில் கூட்டம் தாங்க முடியாமல் போய்ச் சேர்ந்தேன். என் தோளில் ஒருவர் தூங்கினார், எழுந்து இறங்கும்போது என்னையே முறைத்தார். படத்தில் ஒரு வெளியூர்ப் பெண் தக்காளியைக் கையால் தொட்டுப் பார்க்கிறாள். கடைக்காரர், “அம்மா, தொடாதீர்கள், நான் எடுத்துத் தருகிறேன்” என்கிறார். அவள் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்கிறாள். வெற்றிலை அடுக்கும் பெண்களில் ஒருத்தி பேச்சி. அவளுக்கு அர்த்தத்தைச் சொன்னேன்.

“தொடாம எப்பிடிண்ணே வாங்குறது? வெண்டக்காயை முனை ஒடிச்சுப் பாக்காம எவளாச்சும் வாங்குவாளா?”

“அவுக ஊர்ல அவரு குடுக்குறதத்தான் வாங்கணும்.”

“அப்ப சொத்தையத்தேன் குடுப்பாரு” என்று அந்த நாட்டின் கதையையே முடித்துவிட்டாள்.

மூன்றாம் நாள் துவரிமான் தாண்டி பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, பானெட்டைத் திறந்து, பார்த்து, மூடி, ஆற்றங்கரைப் பக்கம் போய் பீடி பற்ற வைத்தார். அவ்வளவுதான் வைத்தியம். வயல் வெளியில் எழுபது பேர் நின்றோம். கண்டக்டர் என்னிடம் வந்தார். இரண்டு நாளாக என்னைக் கவனித்திருக்கிறார்.

“அண்ணே, தப்பா நினைக்காதீக. அந்த வெத்தலக்காரர் வீட்டுல பகல்லயே டெக்குல வெளிநாட்டுப் படம் ஓடுதாமே?”

“பாடம்ணே அது. பாஷை படிக்கிறேன்.”

“அதுஞ் சரிதேன்” என்று கண்ணடித்தார். “எல்லாம் ஒரு படிப்புத்தேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சந்தையில் தக்காளியைத் தொட்டதற்கு முகம் சிவக்கிற பெண்ணைப் பார்க்கத்தான் நான் இப்படி அலைகிறேன் என்று அந்த வயலில் நின்று யாரிடம் சொல்வது? பின்னால் வந்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அன்றைய பாடம் பஸ் பயணம். அந்த ஊர் பஸ்ஸில் கண்டக்டரே கிடையாது. பயணிகளே டிக்கெட்டை ஒரு சின்ன இயந்திரத்துக்குள் விட்டு முத்திரை குத்திக்கொள்கிறார்கள். அன்றைக்கு அந்த நாடு எனக்கு ரொம்பவும் பிடித்துப்போனது.

நாலாம் நாளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அன்று மத்தியானம் போய்ச் சேரும்போதே மணி ஒன்று. ருக்மணி அக்கா கேட்டார், நான் மறுத்தேன், மறுபடி கேட்டார், மறுபடி மறுத்தேன், இலையைப் போட்டார். இதற்குள் எங்கள் இருவருக்கும் இது ஒரு வாய்ப்பாடு மாதிரி ஆகியிருந்தது. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் சுட்ட அப்பளமும். சாப்பிட்டுக்கொண்டே படம் பார்த்தேன்.

படத்திலும் விருந்து. ஒரு மாணவன் நண்பன் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறான். அந்த வீட்டு அம்மாள் பெரிய பாத்திரத்தை நீட்டி, “இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்கிறாள். “வேண்டாம், நன்றி, வயிறு நிறைந்துவிட்டது” என்கிறான் அவன். “சரி” என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரத்தை உள்ளே கொண்டுபோய்விடுகிறாள்.

நான் கேசட்டை நிறுத்திப் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தேன். சந்தேகமே இல்லை. ஒரு தடவைதான் கேட்டாள்.

“என்னவாம்?” என்றார் அக்கா.

சொன்னேன்.

“அடிப் பாவி! ஒரு தடவதான் கேப்பாளா? அந்தப் பய முகத்தப் பாருங்க தம்பி, பசி எம்புட்டுத் தெரியுது. வேணாம்னா விட்டுர்றதா? என்ன பொம்பள இவ?”

பேச்சியும் திட்டினாள். மூன்று பெண்களும் வெற்றிலையை அப்படியே போட்டுவிட்டு அந்த இத்தாலிய அம்மாளைக் கால் மணி நேரம் வைதார்கள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. என் நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டேன்: இவர்கள் ஒருமுறைதான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கீழே இரண்டு கோடு வேறு போட்டேன். அந்தக் கோடு போட்ட கையை இப்போது என்ன செய்வது?

ஐந்தாம் நாள் பாதிக்கு மேல் கரண்ட் இல்லை. வந்தபோதும் வோல்டேஜ் போதாமல் ஆஸ்பத்திரிப் பாடத்தில் டாக்டர் தரையோடு தரையாக நசுங்கிப் பேசினார். டெக்கின் ஹெட்டில் அழுக்கு என்று ருக்மணி அக்கா பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார், அந்த வேலையில் அவர் தேர்ந்த மெக்கானிக். ஆறாம் நாள் மாலை உலா. இருட்டுகிற நேரத்தில் ஊரே உடுத்திக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாமல், ஒரே தெருவில் போய்த் திரும்பி வருகிறது. எதிரே வருகிறவர்களை நிறுத்தி நலம் விசாரிக்கிறது. நம் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் சாயங்காலம் சுற்றுகிற கூட்டத்துக்கு மேல்சட்டையையும் தொப்பியையும் மாட்டிவிட்டால் அதேதான். அந்தத் தெருவின் முனையில் ஒரு நீரூற்று இருந்தது. அதன் கல் விளிம்பில் உட்கார்ந்து மனைவிக்குக் கடிதம் எழுதுவது என்று தீர்மானித்தேன். முதல் வரியைக்கூட யோசித்துவிட்டேன்.

விடைபெறும்போது ருக்மணி அக்கா ஒரு கவுளி வெற்றிலையை வாழை மட்டையில் சுற்றிக் கொடுத்தார். “பிளேன்ல விடுவாகளா தம்பி?” என்று கேட்டார். விடுவார்கள் என்றேன்.

பெரிய எஞ்சினியர் சொன்ன தேதியில் வந்தார். நரைத்த மீசை, வேர்வையில் ஒட்டிய சட்டை, மரியாதையான மனிதர். மேனேஜர் அறையில் பெஞ்சில் நாங்கள் மூன்று பேர். முதலில் கோவிந்தண்ணன். மில்லில் இருபது வருஷ சர்வீஸ், எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர், வணக்கத்துக்கு மேல் இத்தாலிய மொழி தெரியாது. நடுவில் நான். கடைசியில் சுந்தரம், வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம்தான், பத்துச் சொல் தெரியும், அதில் ஆறு கெட்ட வார்த்தை.

கோவிந்தண்ணனோடு பேச்சு இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. என்னோடு இருபது நிமிஷம். நூல் அறுந்தால் என்ன செய்வேன் என்று கேட்டார், சொன்னேன். மதுரையைப் பற்றிக் கேட்டார். உங்கள் ஊரில் மாலையில் உலாவுவது போலவே எங்கள் ஊரிலும் உண்டு என்று சொல்லிச் சித்திரை வீதிகளை விவரித்தேன். மத்தியானத்துக்கு மேல் பால் காப்பி வேண்டுமா என்று நான் அவரையே கிண்டல் செய்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். மேனேஜருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் சேர்ந்து சிரித்தார். எனக்குள் ஸ்வெட்டர் போட்டாகிவிட்டது.

கடைசியாக அவர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்: “மூன்று மாதம் வீட்டை விட்டு இருக்க வேண்டும். குளிர்காலம். நீங்கள் வர விரும்புகிறீர்களா?”

இடது பக்கம் கோவிந்தண்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே மேனேஜர். பெரியவர்களை வைத்துக்கொண்டு, ஆமாம், எனக்கு ஆசை, என்னையே அனுப்புங்கள் என்று எந்த வாயால் சொல்வது? என் நாக்கு அதுபாட்டுக்குப் புரண்டது. பிழையில்லாத, அழகான, இரண்டாம் நிலை இத்தாலிய மொழியில் சொன்னேன்: “எனக்கென்று பெரிய ஆசை ஒன்றும் இல்லை ஐயா. என்னைவிட மூத்தவர் இங்கே இருக்கிறார். அவரை அழைத்துப் போங்கள். நான் வராவிட்டாலும் பரவாயில்லை.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து காத்திருந்தேன். இல்லை இல்லை, நீங்கள்தான் வர வேண்டும் என்று அவர் சொல்வார். நான் மறுபடி மறுப்பேன். மூன்றாம் முறை அவர் இலையைப் போட்டுவிடுவார்.

“புரிகிறது” என்றார் அவர். “மனதில் உள்ளதைச் சொன்னதற்கு மிக்க நன்றி.” என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு சுந்தரத்தின் பக்கம் திரும்பினார். அதே கேள்வி. கேள்வி முடிவதற்குள் சுந்தரம் எழுந்து நின்று ஆமாம், ஆமாம், ஆமாம் என்று இத்தாலிய மொழியில் மூன்று தடவை சொன்னான். எஞ்சினியர் பேனாவைத் திறந்தார்.

அப்போதுகூட நான் வாயைத் திறந்திருக்கலாம். சொல்ல வேண்டியதற்கான வார்த்தைகள் எல்லாம் என்னிடம் இருந்தன. ஆனால் வேண்டாம் என்று சொன்ன ஒரு சாப்பாட்டை எழுந்து போய்க் கேட்டு வாங்குகிறவன் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. உட்கார்ந்தே இருந்தேன்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். மேஜைமேல் எஞ்சினியர் விட்டுப்போன அறிக்கை, ஆங்கிலத்தில். என் பெயருக்கு எதிரே, பேச்சு மிக நன்று, வர விருப்பமில்லை என்று இருந்தது.

“ஏன்யா, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? வேணாம்னா சொன்ன?”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சார்.”

மேனேஜருக்கு உடனே புரிந்துவிட்டது. அவரும் மதுரைக்காரர்தானே. வெளிநாட்டுக்குச் செய்தி அடிக்கிற டெலக்ஸ் இயந்திரத்தைப் பார்த்தார். “நீ ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன்னு அந்தாளுக்கு எப்பிடிய்யா டெலக்ஸ் அடிப்பேன்?” என்றார். யோசித்துப் பார்த்தால் என் பாஷை கொஞ்சம் கோணலாக இருந்திருந்தால் அந்த மனிதர் சந்தேகப்பட்டு இன்னொரு தடவை கேட்டிருப்பார். நான் அவ்வளவு தெளிவாக மறுத்தேன். ஆறு நாள் படிப்பு வீண்போகவில்லை.

சுந்தரத்துக்குப் பாஷை வேண்டுமே. அதனால் அந்தக் கேசட் பெட்டியைச் சோழவந்தானிலிருந்து எடுத்துவந்து அவனிடம் கொடுக்கும்படி எனக்கே உத்தரவு வந்தது. என் நோட்டை அவன் தேர்வான அன்றே கேட்டு வாங்கிக்கொண்டான். நாலாம் நாள் பக்கத்தைக் கிழித்துக்கொண்டுதான் கொடுத்தேன். அற்பத்தனம்தான். அவனுக்கு அந்தப் பக்கம் தேவையும் இல்லை.

ஏழாம் முறை போகும்போது மணி மூன்று. அன்று காலையிலிருந்தே சாப்பிடவில்லை, வீட்டில் மனைவி முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை. கண்டக்டர், “என்னண்ணே, படிப்பு முடியலையா?” என்றார். சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

ருக்மணி அக்கா வாசலிலேயே எழுந்து வந்தார். கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். எப்படிக் கிடைக்காமல் போனது என்று சொல்லவில்லை. அவர் பெட்டியை எடுத்துவந்து வைத்துவிட்டு, வழக்கம்போல், “சாப்பிடுறீகளா தம்பி?” என்றார்.

பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். இனி யார் எது கேட்டாலும் முதல் கேள்விக்கே பதில். “சாப்பிடுறேன்க்கா.”

அக்கா அப்படியே நின்றுவிட்டார். பேச்சி தலையைத் தூக்கிப் பார்த்தாள். “அது வந்து தம்பி…” என்று இழுத்தார் அக்கா. “நீங்க எப்பவும்போல வேணாம்பீக, அதுக்குள்ள ஒரு ஒலையப் போட்டுருவோம்னு… சோறு தீந்து இப்பத்தான் பானையக் கழுவிக் கவுத்தேன்.”

எனக்கு வந்த அவமானத்தைச் சொல்லி முடியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். “பரவாயில்லக்கா, வேணாம். நெசமாவே வேணாம். போயிட்டு வாரேன்.” என் வாழ்நாளில் மனதார வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அக்கா வாசலை மறித்துக்கொண்டார். பெட்டியைப் பிடுங்கி பேச்சியிடம் கொடுத்தார். “உக்காருங்க. ரெண்டு நிமிசம், உப்புமாக் கிண்டிருறேன். நீங்க வேணாம்னு சொன்னா ஒடனே விட்டுர்றதுக்கு நாங்க என்ன இத்தாலிக்காரவுகளா?”

உள்ளே கடுகு வெடித்தது. நான் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இலையில் உப்புமா வந்தது, சாப்பிட்டேன். இரண்டாவது கரண்டியோடு அவர் வந்தபோது, போதும் என்று இரண்டு கையாலும் இலையை மறைத்தேன். கையை விலக்கிப் போட்டுவிட்டுத்தான் போனார்.